மேற்கு நோக்கி ஒரு வண்டிப்பாதை – 12: குதிரை களைத்த இடம்

1862 ஜூலையில் வண்டித்தடம் மாறியது. அதுவரை கலிஃபோர்னியாவுக்கான தபால் நார்த் பிளாட் ஆற்றங்கரையோடு போய், ஸ்வீட்வாட்டர் ஆற்றைப் பிடித்து, சவுத் பாஸ் கணவாயில் மலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் வசந்த காலத்தில் அந்தத் தடத்திலிருந்த நிலையங்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டன. லாயத்துக் குதிரைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. காவலுக்கு இருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் உள்நாட்டுப் போருக்காகக் கிழக்கே போய்விட்டார்கள். கடனில் மூழ்கிக் கிடந்த தபால் வண்டிக் கம்பெனியை மார்ச் மாதம்தான் ஏலத்தில் எடுத்திருந்தார் பென் ஹாலடே. அவர் தபால் துறையின் சம்மதத்தோடு தடத்தையே தெற்கே இறக்கினார். இன்றைய கொலராடோவின் வட எல்லையிலுள்ள வர்ஜீனியா டேல் என்ற சிற்றூர் அப்படித்தான் பிறந்தது. ஒரு கம்பெனி முதலாளி தன் வண்டிகளைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த முடிவு அது.

புதிய தடம் என்று கம்பெனி சொன்னாலும் பாதை பழையதுதான். 1849, 1850ஆம் ஆண்டுகளில் தங்கம் தேடிக் கலிஃபோர்னியா புறப்பட்ட செரோக்கி மக்கள் இந்த வழியாகத்தான் போனார்கள். அதனாலேயே அதற்குச் செரோக்கித் தடம் என்று பெயர். அவர்களுக்கும் முன்னால் அரபாஹோ, ஷையென், யூட் மக்கள் வேட்டைக்கு நடந்து பழகிய வழி. சவுத் பிளாட் ஆற்றை விட்டு, கேஷ் லா பூடர் ஆற்றங்கரையில் லாபோர்ட் வரை சமதரை. அங்கிருந்து வடமேற்கே திரும்பினால் சிவந்த பாறைகளுக்கு நடுவே ஏற்றம் தொடங்கும். ஏறி ஏறி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் ஒரு சிறு பள்ளத்தாக்கு விரிகிறது. நடுவில் ஓடை, இருபுறமும் முழங்கால் உயரப் புல், சுற்றிலும் பைன் மரங்கள் நிற்கும் கருங்கல் குன்றுகள். அதைத் தாண்டி வடக்கே போனால் லாரமி சமவெளி. அங்கே காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது.

வண்டிகள் நிற்க இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு விடை குதிரையிடம் இருக்கிறது. நான்கோ ஆறோ குதிரைகள் பூட்டிய கோச் வண்டி மேட்டிலும் மணலிலும் பத்துப் பதினைந்து மைல் போனால் குதிரை நுரை தள்ளிவிடும். அதற்குள் புதுக் குதிரை மாற்றியாக வேண்டும். ஆகவே அந்த இடைவெளியில் ஒரு சிறு நிலையம். ஒரு லாயம், ஒரு குடிசை, குதிரைக்காரர் ஓரிருவர், அவ்வளவுதான். மூன்று நான்கு சிறு நிலையங்களுக்கு ஒரு பெரிய நிலையம். அங்கே வண்டியோட்டி மாறுவார், பயணிகள் சாப்பிடுவார்கள், கொல்லன் பட்டறையில் லாடமும் அச்சும் சரிபார்க்கப்படும். வர்ஜீனியா டேல் பெரிய நிலையம். புல்லும் தண்ணீரும் விறகும் சேர்ந்து கிடைக்கும் இடம் அந்தப் பாதையில் அபூர்வம் என்பதால் அதற்கு அந்த அந்தஸ்து கிடைத்தது. மேற்கு அமெரிக்காவின் வரைபடத்தில் பல ஊர்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரே தூரம் இருப்பதைப் பார்க்கிறோம். அதில் ஒரு பகுதியாவது குதிரையின் மூச்சு அளந்து வைத்த தூரம்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? பயணிகளிடமிருந்து வந்தது சொற்பம். 1861இல் அமெரிக்க நாடாளுமன்றம் தினசரி தபாலுக்காக ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாகச் சட்டம் செய்தது. அந்த மானியம்தான் குதிரைக்குத் தீனி, வண்டியோட்டிக்குச் சம்பளம், நிலையத்துக்குக் கூரை. தனிமனிதத் துணிச்சலின் சாதனையாக மேற்கு அமெரிக்கக் கதைகள் இந்த வண்டிகளைக் கொண்டாடுகின்றன. துணிச்சல் இருந்தது உண்மை. ஆனால் வாஷிங்டனிலிருந்து வந்த தபால் பணம் நின்றிருந்தால் ஒரு மாதம் கூட இந்தத் தடம் தாங்கியிருக்காது.

வர்ஜீனியா டேலில் செதுக்கிய மரக்கட்டைகளை அடுக்கி, இடுக்குகளை அடைத்துக் கட்டிய நீளமான ஒரு கட்டடம் எழுந்தது. பக்கத்தில் லாயம். வண்டி வருவதைக் கற்பனை செய்து பாருங்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்கார்ட் நகரில் ஆபட் டவுனிங் கம்பெனி செய்த வண்டி அது. இரும்பு வில்லுக்குப் பதில் தடித்த தோல் வார்களில் பெட்டி தொங்கும். அதனால் குழியில் இறங்கும்போது தூக்கிப் போடாது, முன்னும் பின்னும் ஆடும். உள்ளே ஒன்பது பேர். மூன்று வரிசை. நடுவரிசைக்காரருக்குச் சாய்ந்துகொள்ள ஒரு தோல் பட்டைதான். எதிரெதிரே உட்கார்ந்தவர்களின் முழங்கால்கள் கோத்துக்கொள்ளும். இரவு பகல் நிற்காது. உட்கார்ந்தபடியே தூக்கம். தபால் மூட்டை அதிகமானால் அது காலடியிலும் வந்து ஏறும்.

அப்படி வந்தவர்களுக்கு ஒரு பெரிய நிலையம் என்ன தந்தது? வாசலில் ஒரு தகரத் தட்டில் தண்ணீர், ஊருக்கே பொதுவான ஒரு துண்டு. மேசையில் உப்பிட்ட பன்றி இறைச்சி, ரொட்டி, காப்பி. கொஞ்சம் நல்ல நிலையமானால் உலர்ந்த ஆப்பிளில் செய்த பண்டம் ஒன்று. சாப்பாட்டுக்குத் தனிக் காசு. சாப்பிட்டு வாய் துடைப்பதற்குள் புதுக் குதிரைகள் பூட்டப்பட்டிருக்கும். பின்தங்கியவருக்காக வண்டி நிற்காது.

இந்த நிலையத்தை நிறுவி நடத்த ஹாலடே அனுப்பியவர் ஜாக் ஸ்லேட். ஜூல்ஸ்பர்க் அத்தியாயத்தில் நாம் பார்த்த அதே மனிதர். 1860இல் ஜூல்ஸ் பெனி என்பவர் சுட்டதில் செத்துவிட்டார் என்று எல்லோரும் கைவிட்ட பிறகும் பிழைத்து எழுந்து, அடுத்த ஆண்டே பெனியின் கதையை முடித்தவர். குதிரைத் திருடர்களும் கம்பெனித் தீனியை விற்றுத் தின்னும் ஆட்களும் மலிந்திருந்த தடத்தில் வண்டி நேரத்துக்கு ஓட வேண்டும் என்றால் அவர் போன்ற ஒருவர் தேவை என்று கம்பெனி நினைத்தது. வேலையில் அவர் மீது குறை சொல்ல ஆள் இல்லை. ஊரின் பெயர் அவர் மனைவி மரியா வர்ஜீனியாவை நினைத்து வைத்தது என்பது அந்தப் பக்கத்தில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் செய்தி.

ஸ்லேடை உலகம் அறிய வைத்தவர் மார்க் ட்வெய்ன். 1861 கோடையில், இன்னும் சாமுவேல் கிளெமன்ஸ் என்ற 25 வயது இளைஞராக, அண்ணனோடு நெவாடாவுக்கு வண்டியேறியவர் அவர். ஆளுக்கு 150 டாலர் கட்டணம், 25 பவுண்டு மூட்டை. தடம் அப்போது வடக்கே இருந்தது. ஒரு நிலையத்தில் காலை உணவுக்கு உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்தவர் மென்மையாகப் பேசும் கண்ணியவான். அவர்தான் ஸ்லேட் என்று தெரிந்ததும் இளைஞருக்குக் கை நடுங்கிவிட்டது. பானையில் மிஞ்சியது ஒரு கோப்பைக் காப்பி. ஸ்லேட் அதை எடுக்கப்போனவர், இளைஞரின் கோப்பை காலியாக இருப்பதைக் கண்டு அவருக்கு நீட்டினார். வேண்டாம் என்றார் கிளெமன்ஸ். ஸ்லேட் விடவில்லை, ஊற்றியே கொடுத்தார். கொடுத்துவிட்டோமே என்று பின்னால் வருத்தப்பட்டு இவர் தன்னைச் சுட்டுவிடுவாரோ என்ற பயத்தில் அந்தக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை என்று 1872இல் வெளிவந்த பயண நூலில் அவர் எழுதினார். ஸ்லேட் 26 பேரைக் கொன்றவர் என்ற கணக்கும் அந்த நூல் பரப்பியதுதான். பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களைத் துழாவியபோது உறுதிப்பட்ட கொலைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன.

ஸ்லேடை வீழ்த்தியது துப்பாக்கி அல்ல, குடி. குடிக்காத நாளில் கம்பெனியின் மிகச் சிறந்த அதிகாரி. குடித்த நாளில் கடையை நொறுக்குவார், விளக்கைச் சுடுவார், மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டு நஷ்டத்தைக் கட்டுவார். ஹாலெக் கோட்டையில் ராணுவத்துக்குப் பொருள் விற்கும் கடையை அப்படி ஒரு நாள் துவம்சம் செய்தார். ராணுவத்தின் பாதுகாப்பை நம்பியிருந்த கம்பெனியால் அதைப் பொறுக்க முடியவில்லை. 1862 முடிவதற்குள் வேலை போயிற்று. வர்ஜீனியா டேலில் அவர் இருந்தது சில மாதங்கள்தான். பிறகு மொன்டானாவின் தங்க வயல்களுக்குப் போனார். அங்கே வர்ஜீனியா சிட்டி என்ற சுரங்க ஊரில், நீதிமன்றத்தின் வேலையைக் கையில் எடுத்துக்கொண்ட ஒரு கண்காணிப்புக் குழு 1864 மார்ச் 10 அன்று அவரைத் தூக்கிலிட்டது. கொலைக்காக அல்ல, ஊரில் கலாட்டா செய்ததற்காக. செய்தி கேட்டு மரியா வர்ஜீனியா குதிரையில் விரைந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கணவரின் உடலை அந்த ஊரில் புதைக்க அவர் சம்மதிக்கவில்லை. தகரம் பதித்த பெட்டியில் சாராயம் ஊற்றி வைத்து, பனி விலகியதும் சால்ட் லேக் சிட்டிக்குக் கொண்டுவந்தார். ஜூலை 20 அன்று அங்கே அடக்கம் நடந்தது.

ஸ்லேடைப் பற்றி நூல்கள் உண்டு, படம் உண்டு. குன்றுக்குக் குன்று புதையல் கதையும் உண்டு. ராணுவச் சம்பளப் பெட்டியைக் கொள்ளைக்காரர்கள் இந்தப் பாறைகளுக்குள் புதைத்தார்கள் என்று சொல்லித் தோண்டியவர்கள் பலர். சில மாதங்கள் இருந்துவிட்டுப் போன ஒருவர் ஊரின் முகமாகிவிட்டார். இந்த மண்ணிலேயே வாழ்ந்த இன்னொருவரை அந்த வெளிச்சம் மறைத்துவிடுகிறது. நான் இந்த அத்தியாயத்தில் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அவரைப் பற்றி.

அரபாஹோ தலைவர் ஃப்ரைடே. 1831இல், சிறுவனாக இருந்தபோது, தன் கூட்டத்தைத் தவறவிட்டுச் சமவெளியில் அலைந்தவரைத் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் வணிகர் கண்டெடுத்தார். கண்டெடுத்தது வெள்ளிக்கிழமை என்பதால் அந்தப் பெயர். செயின்ட் லூயிஸ் நகரில் சில காலம் படித்து, ஆங்கிலம் கற்று, பின்னர் தன் மக்களிடமே திரும்பிவிட்டார். 1851இல் லாரமி கோட்டை உடன்படிக்கையில், நார்த் பிளாட் ஆற்றுக்கும் ஆர்கன்சா ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் ஷையென், அரபாஹோ மக்களுடையது என்று அமெரிக்க அரசே கையெழுத்திட்டது. வர்ஜீனியா டேல் பள்ளத்தாக்கு அதற்குள் அடங்கும். பத்தே ஆண்டுகளில், தங்கம் தேடி வந்த கூட்டம் நிலத்தை நிறைத்த பிறகு, 1861இல் வைஸ் கோட்டையில் இன்னொரு காகிதம். தெற்கே ஒரு துண்டு நிலத்துக்குள் எல்லோரும் சுருங்க வேண்டும் என்றது அது. வடக்கே இருந்த அரபாஹோக்கள் அதில் கையெழுத்துப் போடவே இல்லை. ஆக, 1862இல் ஹாலடே நிலையம் கட்டிய மண்ணை அவர்கள் விற்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை.

ஃப்ரைடே சண்டைக்குப் போகவில்லை. கேஷ் லா பூடர் ஆற்றங்கரையில், வண்டித்தடத்தின் ஓரத்திலேயே, தன் சிறு கூட்டத்தோடு கூடாரம் போட்டு வாழ்ந்தார். குடியேறிகளோடு ஆங்கிலத்தில் பேசினார், அவர்கள் வீடுகளுக்குப் போனார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஆற்றங்கரையில் தன் மக்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கித் தாருங்கள் என்றார். அங்கே ஏற்கெனவே குடியேறிகள் இருக்கிறார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். 1860களின் கடைசியில் அவர் கூட்டம் வடக்கே வயோமிங்குக்குப் போக வேண்டியதாயிற்று. 1878இல் வடக்கு அரபாஹோக்கள் விண்ட் ரிவர் ஒதுக்கு நிலத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். அதுவும் ஷோஷோனி மக்களுக்கென்று ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்த நிலம். ஃப்ரைடே 1881இல் அங்கே காலமானார். நட்பாக இருந்தவருக்கும் நிலம் கிடைக்கவில்லை என்பது இந்தத் தடத்தின் வரலாற்றில் எழுத வேண்டிய முதல் வரி.

சண்டைக்கு வராதவர்கள் மீது சண்டை வந்தும் சேர்ந்தது. 1864 நவம்பர் 29 அன்று, கொலராடோவின் தென்கிழக்கே சாண்ட் கிரீக் ஓடைக்கரையில், அரசு பாதுகாப்பு தருவதாக நம்பி முகாமிட்டிருந்த ஷையென், அரபாஹோ மக்கள் மீது கர்னல் ஜான் சிவிங்டனின் படை பாய்ந்தது. 150 முதல் 230 பேர் வரை கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அதன் எதிரொலிதான் 1865 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஜூல்ஸ்பர்க் தாக்கப்பட்டது. அன்று முதல் தடம் முழுவதும் அச்சம் பரவியது.

அந்த அச்சத்துக்கு நடுவில், 1865 ஜூனில், வர்ஜீனியா டேலுக்கு ஒரு பெரிய விருந்தாளி வந்து சேர்ந்தார். நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகர் ஷுய்லர் கோல்ஃபாக்ஸ். ஏப்ரல் 14 அன்று ஆபிரகாம் லிங்கனைச் சந்தித்து, மேற்குச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அவர் சொல்லியனுப்பிய செய்தியைப் பெற்றுக்கொண்டு கிளம்பியவர். அன்றிரவு நாடகத்துக்கு வரும்படி லிங்கன் அழைத்தும், பயணம் இருக்கிறது என்று போகவில்லை. அந்த நாடக அரங்கில்தான் லிங்கன் சுடப்பட்டார். இறந்தவரின் செய்தியைச் சுமந்துகொண்டு வந்த கோல்ஃபாக்ஸின் வண்டி, முன்னால் நிலையங்கள் தாக்கப்பட்டுக் குதிரைகள் பறிபோன செய்தியால் இங்கே நின்றுவிட்டது. உடன் வந்த பத்திரிகையாசிரியர் சாமுவேல் பௌல்ஸ் அந்தக் காத்திருப்பைப் பயன்படுத்திப் பள்ளத்தாக்கின் அழகைப் பற்றி எழுதி அனுப்பினார். கிழக்கு அமெரிக்காவின் வாசகர்களில் பலர் வர்ஜீனியா டேல் என்ற பெயரை அதில்தான் முதன்முதலில் படித்திருப்பார்கள். கோல்ஃபாக்ஸ் பின்னாளில் துணை ஜனாதிபதியானார்.

ஹாலடே கணக்குத் தெரிந்தவர். கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக் தண்டவாளம் நகர்ந்து வருவதைப் பார்த்தார். 1866 நவம்பரில் மொத்த வண்டித் தொழிலையும் வெல்ஸ் ஃபார்கோ கம்பெனிக்கு விற்றுவிட்டார். விலை 15 லட்சம் டாலர் ரொக்கம், 3 லட்சம் டாலருக்குப் பங்கு. ஓராண்டில், 1867 நவம்பரில், ரயில் ஷையென் நகருக்கு வந்துவிட்டது. அங்கிருந்து மேற்கே மலை ஏறும் வழியில் ரயிலுக்குக் குறுக்கே வந்தது டேல் ஓடை. வர்ஜீனியா டேல் பக்கம் இறங்கி வரும் அதே ஓடை. நீர் குறைவு, பள்ளம் ஆழம். 1868 வசந்தத்தில் அதன் மீது 650 அடி நீளம், 150 அடி உயரத்துக்கு மரப்பாலம் கட்டி ரயிலைக் கடத்தினார்கள். ஓடையின் மேல்பகுதியில் பாலம் எழுந்ததும் கீழே வண்டி நிலையத்துக்கு வேலையில்லாமல் போனது. லாரமி வரை ரயில் போன பிறகு கோச் வண்டிக்கு ஏறுபவர் யார்? ஆறே ஆண்டுகளில் முடிந்தது நிலையத்தின் ஆயுள்.

இப்படி வேலை போன நிலையங்கள் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாயின. கூரைக் கட்டையைப் பிடுங்கிப் பக்கத்து ஆள் விறகாக்கினார். வர்ஜீனியா டேல் பிழைத்தது புல்லால். குதிரைக்கு ஆகிவந்த புல் மாட்டுக்கும் ஆகும். நிலையம் கட்டிய அதே 1862இல்தான் லிங்கன் குடியேற்ற நிலச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். ஐந்து ஆண்டுகள் தங்கி உழைத்தால் 160 ஏக்கர். மழை குறைந்த இந்த மேட்டுநிலத்தில் 160 ஏக்கரை வைத்துக்கொண்டு பயிர் செய்து பிழைக்க முடியாது. தாக்குப்பிடித்தவர்கள் ஓடையோரத்தில் வைக்கோல் புல் வெட்டி, மேட்டில் மாடு மேய்த்தவர்கள். வீட்டுக்கு வீடு மைல்கணக்கில் தூரம். அந்தத் தூரத்தைச் சேர்த்து ஊராக்கியவை ஒரு பள்ளிக்கூடம், ஒரு மரத் தேவாலயம், ஒரு கல்லறைத் தோட்டம், பழைய நிலையக் கட்டடம். கட்டடம் கடையாக இருந்தது, வீடாக இருந்தது, ஊர் கூடும் கூடமாகவும் ஆனது. பயன்பட்டுக்கொண்டே இருந்ததால் யாரும் அதை இடிக்கவில்லை.

வர்ஜீனியா டேல் இன்றும் நகராட்சி ஆகவில்லை. லாரிமர் கவுண்டியில், வயோமிங் எல்லைக்குச் சில மைல் தெற்கே, சிதறிக் கிடக்கும் மாட்டுப் பண்ணைகளுக்குப் பொதுவான பெயர் அது. அண்மைக் காலத்தில் வந்த பெரிய குடியிருப்பு ஒரு மடம். 1935இல் பவேரியாவின் ஐஷ்டெட் நகரிலிருந்து கொலராடோவின் போல்டர் பக்கம் வந்த பெனடிக்ட் சபைக் கன்னியர், நகரம் தங்களை நெருக்கியபோது 1997இல் இந்தப் பள்ளத்தாக்கைத் தேடி வந்தார்கள். புனித வால்பர்கா மடம் என்று பெயர். ஜெபத்தோடு மாடும் வளர்க்கிறார்கள். இங்கே புல்தான் பிழைப்பு என்பதை அவர்களும் கண்டுகொண்டார்கள்.

நிலையக் கட்டடம் 1985இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்ந்தது. அதை வைத்துக் காப்பது அரசு அல்ல. பண்ணைக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஊர்ச் சங்கம். கூரை ஒழுகினால் அவர்கள்தான் பணம் திரட்டுகிறார்கள். பனிக்காலம் போனால் அவர்கள்தான் திறந்து பெருக்குகிறார்கள். பெரிய கம்பெனியும் பெரிய அரசும் கைவிட்டதை ஒரு சின்ன ஊர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு என் வணக்கம்.

டென்வர், ஃபோர்ட் காலின்ஸ் பக்கம் வேலையிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வாசகர்கள் நம்மில் உண்டு. போனால், ஃபோர்ட் காலின்ஸிலிருந்து லாரமிக்குப் போகும் 287ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் பயணம் செய்யுங்கள். நிலையம் சாலையை விட்டு விலகி, மண்பாதையில் இருக்கிறது. எல்லா நாளும் திறந்திருக்காது, ஊர்ச் சங்கத்திடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது. வழிகாட்டிகள் ஸ்லேடின் கதையைச் சொல்வார்கள். கேட்டுவிட்டு, ஃப்ரைடேயைப் பற்றியும் கேளுங்கள்.

அடுத்த வாரம்: 1867 நவம்பர், ஷையென் சமவெளி. தண்டவாளத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்ட கூடார நகரம்.

(தொடரும்)